வட்டம் உள்ள ஆறு சொற்கள்

எனக்குப் படிக்கத் தெரிந்த இங்கிலீஷ் சொற்கள் ஆறு. ஆறிலும் ஒரு வட்ட எழுத்து இருக்கும். ஏழாவதை நான் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

ஒரகடத்துப் பக்கம் எங்கள் வேர்க்கடலை நிலத்தைக் கம்பெனிக்காக எடுத்தபோது, நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மகள்கள் இருவரும் கட்டிக்கொடுத்த ஊரில் இருந்தார்கள். ஆள் இல்லாத வீடு, விட்டுவிடுவாள் என்று ஊர் நினைத்தது. நான் விடவில்லை. அது எனக்குப் போடுகிற பிச்சை அல்ல, நிலத்துக்குப் பேசிய பேச்சு. எனக்கே கொடுங்கள் என்று போய் நின்றேன். காருக்குள் போகிற வயர்களைக் கட்டும் கம்பெனி அது. கூட்டித் துடைக்கிற வேலை இருக்கிறது, ஆனால் உள்ளே தொங்கும் போர்டைப் படிக்கத் தெரியவேண்டும், இல்லாவிட்டால் ஓடுகிற மிஷினில் கையை விட்டுக்கொள்வாய் என்றார்கள்.

தமிழ் எனக்கு எழுத்துக்கூட்டி வரும். இங்கிலீஷ் வராது.

என் வீட்டுப் பின்னறையில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வாடகைக்கு இருந்தாள். அதே கம்பெனியில் லைனில் நின்று வயர் கட்டும் டிரெய்னி. அவளிடம் கேட்டேன். அவள் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். எனக்கு அத்தனையும் வேண்டாம், உள்ளே என்ன தொங்குகிறதோ அதை மட்டும் சொல் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஆறு சொற்களைப் பொறுக்கினாள்.

"ஆச்சி, இந்த வட்டத்தப் பிடிச்சிக்கிடுங்க. அது எங்கன நிக்குன்னு பாத்தா போதும்."

ஆன், நோ இரண்டுக்கும் அதே இரண்டு எழுத்துதான். வட்டம் முன்னால் நின்றால் மிஷின் ஓடுகிறது, பின்னால் நின்றால் கிட்டே போகாதே. அப்புறம் ஓகே, ஓட்டி, ஆஃப், அவுட். காலையில் கோலம் போட்டபின் கையில் மிஞ்சிய மாவில், ஈரத் தரையில், தினம் ஒரு சொல் எழுதிப் பார்ப்பேன். எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, வாசல்லயே கம்பெனி போர்டு போட்டுக்கினு கீறே? வூட்டுக்கும் ஷிப்ட் வெச்சிட்டியா?"

"ஆமாண்டி. உனக்கு நைட் ஷிப்ட். போய்த் தூங்கு."

சிரித்தாலும் மறுநாள் வந்து ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்டாள். கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமையில் மட்டும் நோ எழுதாதே, மகாலட்சுமியை வாசலிலேயே திருப்பி அனுப்பினாற்போல ஆகிவிடும் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஓகே எழுதினேன்.

எனக்கு வேலை கிடைத்தது. அந்தப் பெண் சொன்னது பாதிப் பொருள்தான் என்பது உள்ளே போனபிறகு தெரிந்தது. ஓகே என்பது வயர்க் கட்டின் மேல் ஒட்டுகிற பச்சைத் தாள். அங்கே அதைக் கட்டியவளைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ஓட்டி என்றால் ஓவர்டைம், ஷிப்ட் முடிந்தும் நிற்பது. அதற்கு அர்த்தம் வேண்டுமென்றால் அந்தப் பெண்களின் கணுக்காலைப் பார்க்கவேண்டும். லைன் ஓடும்போது பாத்ரூமுக்குக் கை தூக்கினால் நோ. நான் பாத்ரூம் வாசலைத் துடைக்கிறவள், இடைவேளையில் அவர்கள் ஓடிவருகிற ஓட்டம் எனக்குத் தெரியும். ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாளில் கேட்டால் ஆஃப் கிடைக்காது. ஆர்டர் இல்லாத வாரத்தில் கேட்காமலே கிடைக்கும், சம்பளம் இல்லாமல்.

அவுட் என்பது கேட்டில் தொங்குகிற பலகை என்றுதான் நினைத்திருந்தேன். பயிற்சி முடிந்தது என்று சொல்லி டிரெய்னிகளில் பாதிப் பேரை அனுப்பினார்கள். என் பின்னறைப் பெண்ணும் அதில் வெளியே வந்துவிட்டாள். அறையைக் காலி செய்யாமல், மறைமலை நகர், இருங்காட்டுக்கோட்டை என்று கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள்.

கொஞ்ச நாளில், துடைக்கிற எங்களைக் கம்பெனிக்காக வேலைக்கு எடுத்திருந்த காண்டிராக்டர் மாறினார். புது ஆள், சட்டையை உள்ளே விட்ட பையன், கேன்டீன் பின்னால் மேஜை போட்டுத் துடைக்கிற பெண்களையெல்லாம் மறுபடி கூப்பிட்டான். அட்டையில் சொற்களை எழுதிக் காட்டினான். மற்றவர்கள் தடுமாறினார்கள், இருந்தும் எடுத்துக்கொண்டான். நான் ஆறையும் நிறுத்தாமல் படித்தேன். ஆயா சூப்பரா படிக்குது என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிவிட்டு வயதைக் கேட்டான். சொன்னேன். அறுபது தாண்டினவர்களை எடுக்கக்கூடாது, ரூல் என்றான்.

"அப்ப என்னை எதுக்குப்பா படிக்க வெச்சே?"

"சும்மாதான் ஆயா. எல்லாரையும் கேட்டா மாதிரி உன்னையும் கேட்டேன்."

நான் உனக்கு ஆயா இல்லை, நீ மேஜை போட்டிருக்கிற இடத்தில்தான் என் மோட்டார் கொட்டகை இருந்தது, இது என் வீட்டு வேலை என்று சொன்னேன். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. வீட்டில் சின்னப் பெண் யாராவது இருந்தால் நாளைக் காலை அனுப்பு, வீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன், வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றான்.

சாயங்காலம் பின்னறைக்குப் போனேன். அந்தப் பெண் இன்டர்வியூவுக்குப் போட்டுப்போகிற சுடிதாரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் தங்கை பேத்தி என்று சொல்லிக்கொள், வேறு கிடைக்கிறவரை போ, இந்த வீட்டுக்குச் சேரவேண்டியது வெளியே போகாமல் இருக்கட்டும் என்றேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஆச்சி, நான் லைன்ல நின்னவ. எங்கூட நின்ன பிள்ளைய இப்பமும் அங்க நிக்காளுவ. அவளுவ காலுக்கடியில போய் நான் துடைக்கவா?"

இரண்டு வருஷமாக அங்கேதான் நான் துடைத்தேன். சொன்னபிறகுதான் அது அவளுக்குத் தோன்றியது, முகம் சுருங்கிவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ளவேண்டாம் என்றாள். எடுத்துக்கொள்ளவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இரண்டாம் முறை கேட்கவில்லை. நான் யாரிடமும் இரண்டாம் முறை கேட்கிறவள் இல்லை.

காலையில் நானே கேட்டுக்குப் போனேன். ஆள் இல்லை என்பதை என் வாயால் சொல்லவேண்டும் என்றிருந்தது. செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. அங்கேயே நின்றேன். காண்டிராக்டர் வேன் வந்து வெளியூர்ப் பெண்களை இறக்கியது. அதில் ஒருத்திக்குத் தலை முழுக்க வெள்ளை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வயசு என்ன என்று கேட்டேன்.

"அம்பத்தஞ்சுன்னு சொல்லச் சொல்லிக்கீறாங்கக்கா."

என்னைவிட இரண்டு வயதாவது மூத்தவளாக இருப்பாள். போர்டு படிப்பாயா என்றேன். அதெல்லாம் யாரும் கேட்கவில்லையே என்றாள். எந்த ஊர் என்றதற்கு, இந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை, சொந்தம் என்று யாரும் இல்லை, நிலம் நீச்சும் இல்லை என்றாள். அவன் தேடியது அப்படிப்பட்டவளைத்தான், இது என் வீட்டு வேலை என்று சொல்லமுடியாதவளை. அவள் உள்ளே போனாள்.