வலது குதிகாலுக்கு விட்ட இடம்

நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். தலைச்சோலையில் பாறையைப் பிளந்து கிணறு வெட்டினேன். ஆகாது என்றார்கள், தண்ணீர் வந்தது. கரடியூர்ச் சரிவில் மூன்று வீடு, எந்த மழைக்கும் அசையாத தடுப்புச்சுவர், காப்பிக்கொட்டை காய வைக்கப் பெரிய சிமெண்டுக் களம், எல்லாம் என் கையால் எழும்பியவை. அறுபத்து மூன்றாவது வயதில் கியர் சைக்கிள் வாங்கி, ஏற்காடு அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். அதையும் ஆகாது என்றுதான் சொன்னார்கள்.

ஏறியது சாதாரணப் பெடலில். ஷூவோடு மாட்டிக்கொள்ளும் பெடல் போட்டால் இன்னும் நன்றாக ஏறலாம் என்று கேள்விப்பட்டு, ஏற்காடு டவுனில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். ஷூவின் அடியில் கிளீட் என்று ஒரு சின்னத் துண்டை முடுக்குவார்கள். அது பெடலில் டக்கென்று கவ்விக்கொள்ளும். அதில் இரண்டு தினுசு. ஒன்று காலை அசையவே விடாது. மற்றதில் குதிகால் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திரும்பும். முட்டிக்கு இரண்டாவதுதான் நல்லது என்றார் பாய். ஆடுகிற கதவை நான் எந்த வீட்டிலும் மாட்டியதில்லை என்று சொல்லி முதல் தினுசையே வாங்கினேன். கிளீட்டையும் நானே, கொத்தனார் நூல் பிடித்து, இரண்டு காலும் நேராக நிற்கும்படி முடுக்கினேன்.

மூன்றாம் ஞாயிறு, பன்னிரண்டாவது வளைவில் வலது முட்டி உள்பக்கமாகக் குத்தியது. வீட்டுக்கு வேனில் வந்தேன். சேலத்து டாக்டர் ஒரு மாதம் ஓட்டக்கூடாது என்றார். மறுபடி வீங்கினால் சைக்கிளை விற்றுவிடச் சொன்னார். பள்ளிக்கூடம் தவிர எதையும் பாதியில் விட்டவன் இல்லை நான்.

ஒருநாள் குளித்துவிட்டுக் களத்தின் குறுக்கே நடந்து வந்தேன். பின்னால் என் மனைவி ஈரத்தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க, எடது காலு ஊட்டப் பாக்குது, வலது காலு வாழவந்தி ரோட்டுக்குப் போகுது. செவுத்துக்கு நூல் புடிக்கலாமுங்க. காலுக்குமா?”

திரும்பிப் பார்த்தேன். வலது தடம் வெளிப்பக்கம் சாய்ந்துதான் கிடந்தது. முப்பது வருஷம் சரிவில் அந்தக் காலை ஊன்றிக் கல் சுமந்திருக்கிறேன். அது அப்படித்தான் நிற்கும். அதை நேராக்கிப் பூட்டி மிதிக்க வைத்தது நான். தடத்துக்குப் பக்கத்திலேயே, சிமெண்டின் நடுவே நான் விட்ட இடைவெளி. வெயிலில் விரியும், இடம் விடாவிட்டால் வெடிக்கும் என்று களத்துக்குத் தெரிந்து செய்தவன், முட்டிக்குச் செய்யவில்லை.

பழைய பேப்பரில் ஈரக்காலோடு நடந்து, தடத்தைப் பேனாவால் சுற்றி வரைந்து, பாயிடம் கொண்டுபோனேன்.

“அன்னைக்கே சொன்னனுங்கண்ணா. நீங்க நூலத்தான் கேட்டீங்க, காலக் கேக்கல” என்றார். அசைய இடம் விடும் பெடலைப் போட்டு, வலது கிளீட்டை அந்தத் தடத்தின் சாய்வுக்கே திருப்பி முடுக்கினார்.

மாதம் முடிந்ததும் முதலில் ஏரியைச் சுற்றினேன். பிறகு இரண்டு வளைவு, ஐந்து வளைவு. போன ஞாயிறு இருபதும் ஏறினேன். டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்தார். வீக்கம் இல்லை, ஓட்டுங்கள் என்றார்.

இப்போது பாய், பெடல் கேட்டு வருகிற எல்லோரையும் பேப்பரில் ஈரக்காலோடு நடக்க வைக்கிறார். சேலத்துக்காரர்கள் அவர் மூளையைப் புகழ்கிறார்கள், அவரும் மறுப்பதில்லை. கண்டு சொன்னது என் மனைவி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தடம் என்னுடையது, அதைப் பேப்பரில் எடுத்தவன் நான், வலி பட்டவனும் நான். அந்தப் பேப்பரைக் கடைச் சுவரில் மாட்டி, இது யார் கால் என்று கீழே பெரிதாக எழுதியாக வேண்டும். மரச்சட்டம் நானே அடித்துத் தருகிறேன்.