வண்டி ஏறாத கேழ்வரகு

பூதிகோட்டை ரோட்டு மேட்டில் பரப்பிக் கிடந்த கேழ்வரகு பக்கத்து நிலத்துக்காரனுடையது என்று நம்பினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் பழிவாங்கும் ஆசை குறைந்துவிடுமோ என்று பயம்.

போன கோடையில் அவன் எனக்குச் செய்தது சின்னக் காரியமில்லை. எங்கள் பக்கம் அறுத்த கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். போகிற வண்டியெல்லாம் ஏறி ஏறி மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும். அதற்கு வெயில் நன்றாக விழுகிற மேடு ஒன்றுதான். கல் வைத்து நான் பிடித்திருந்த அந்த இடத்தில், விடிவதற்குள் அவன் தன் கதிரைக் கொட்டிவிட்டான். என்னுடையது மழையில் முளைவிட்டது. இனி அவன் பேச்சையே எடுக்கக் கூடாது என்று, ஸ்கெலட்டன் என்கிற பழைய சுரங்கக் குடியிருப்பில் இருக்கும் எங்கள் வீட்டில் சட்டம் போட்டேன்.

இந்தக் கோடை, வாரமெல்லாம் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் குத்தகை நிலத்துக்கு வருகிறேன். அதே மேடு, அதே ஆள், காலடியில் கதிர். என் கதிர் நிலத்திலேயே குவிந்து கிடக்கும் என்று நினைத்தேன். ரத்தம் கொதித்தது. கிழக்கே மேகம் வேறு. நனையட்டும்.

சண்டையில் சுகம் கம்மி. மேட்டுக்கு முன்னால் ரோடு பிரிகிற இடத்து டீக்கடையில் உட்கார்ந்து, வருகிற வண்டிகளை நிறுத்தினேன்.

"மேட்டுல போட்டுக்கீற கதிர்ல ஆணி கீதுண்ணா. முன்னால போன வண்டி பஞ்சர்."

"ஏரிக்கரையிலயே போறேன்," என்றார் பால்வண்டிக்காரர்.

டெம்போ, டிராக்டர், கல்யாண வேன் எல்லாம் ஏரிக்கரை மண்பாதையில் இறங்கின. எதிர்ப்பக்கத்துக்கும் என் பொய்யை அவர்களே கொண்டுபோனார்கள். அவன், மேலே ஏற்றிப்போகிற கேஜ் வராமல் சுரங்கத்தடியில் மாட்டிக்கொண்டவன் மாதிரி வெறும் ரோட்டைப் பார்த்து நின்றான். நான் இன்னொரு டீ சொன்னேன். அவ்வளவு ருசியான டீ அதற்குமுன் குடித்ததில்லை.

மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"இங்க இன்னா பண்றீங்க? நம்ம கேவுரு மேல ஒரு வண்டிகூட ஏறலியாமே?"

"நம்மதா?"

"பின்ன? போன வருசம் செஞ்சது மனசுல உறுத்துதாம். இந்த வாட்டி மேடு உங்களுக்குத்தான்னு அவரே ஆள் வச்சுப் பரப்பிட்டாரு."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"அவரு பேச்சே எடுக்கக் கூடாதுன்னீங்களே."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு ரோட்டுக்கு ஓடினேன். மேகம் பாதி வானத்துக்கு வந்திருந்தது. மதிய நடைக்கு மறுபடி வந்த பால்வண்டியைக் கைகளை விரித்து மறித்தேன்.

"மேட்டுலயே போங்கண்ணா. ஆணியெல்லாம் இல்ல."

"காலையில கீதுன்னது யாரு?"

"அது வேற ஆளு."

"சட்டை அதே சட்டைதான்," என்று ஏரிக்கரைக்கே திருப்பினார்.

கடைசியில் என் ஸ்கூட்டரையே எடுத்துக் கதிர்மேல் போனேன், வந்தேன், சறுக்கி விழுந்தேன், மறுபடியும் போனேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சார், பஸ்ஸு ஓட்டுற மாதிரி ஆரன் வேற அடிக்கிறீங்க," என்றான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனை மன்னித்திருப்பேன்.

மழை வந்தது. பாதிக் கேழ்வரகு நனைந்தது. மீதியை மூடியது அவனுடைய தார்ப்பாய்.