காலி இருக்கையின் பெல்ட்

'டக்!'

இருக்கைகளுக்கு நடுவே, தரைப்பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. அடுத்த ஏழாவது விநாடியில் என்ஜின் நின்றுவிட்டது.

அப்போது மாலை 6.04. தரையிலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில், நான்கு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானத்தில் நான் ஒருவன் மட்டும் இருந்தேன். இது கதையல்ல. எனக்கு நடந்தது. நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதான்.

முதலில் என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

நானும் ஒரு மூத்த விமானியும் ஒரே பயிற்சிக் கழகத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தோம். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறக்காத குறைதான். காலையில் ஒருவர் விமானத்தைச் சுற்றி வந்து பார்ப்பார். மற்றவர் பெட்ரோலைப் பார்ப்பார். சட்டப்படி ஓட்டுகிறவரே இரண்டையும் பார்க்க வேண்டும். நாங்கள் நம்பிக்கையில் பங்கு பிரித்துக்கொண்டோம்.

பெட்ரோலைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. இறக்கைக்குள்தான் டேங்க். மழை பெய்தால் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கி அடியில் தங்கும். இறக்கைக்குக் கீழே குனிந்து, சின்னக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் வடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

போன வருடம் ஒரு நாள், ராத்திரி முழுக்க மழை. இடது டேங்க்கை வடித்துப் பார்த்தேன். சுத்தம். வலது இறக்கைக்குக் கீழே கணுக்கால் அளவுக்குச் சேறு. நான் புதுப் பேன்ட் போட்டிருந்தேன்.

"என்னடா, மாப்பிள்ளை மாதிரி வந்திருக்க?" என்றார் அண்ணன்.

"லைசென்ஸுக்குப் போட்டோண்ணே. பத்து மணிக்கு."

"போட்டோ கழுத்து வரைக்கும்தானேடா விழும். பேன்ட்ட யாருக்குக் காட்டப் போற?" சிரித்துக்கொண்டே ஏறினார். "பெட்ரோல் பாத்தியா?"

"பாத்தாச்சுண்ணே."

7.40-க்குத் தனியாக மேலே ஏறினார். 7.43-க்கு என்ஜின் நின்றது. ஓடுபாதைக்குத் திரும்பப் பார்த்தார். முடியவில்லை. விழுந்த இடத்திலேயே போய்விட்டார்.

வலது டேங்க்கில் தண்ணீர் இருந்தது. விசாரணையில் நான் சொன்னது இதுதான்: "பெட்ரோலை நானே பார்த்துக்கிறேன்னு அவர் சொன்னார்." விமானியின் அலட்சியம் என்று எழுதி, ஃபைலை மூடினார்கள்.

அண்ணி விடவில்லை. "அவர் அப்படி ஏற மாட்டார்" என்று மனுப்போட்டு மனுப்போட்டு, ஃபைலைத் திறக்க வைத்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு மறுவிசாரணை. அதில் சாட்சி சொல்லத்தான் நான் அந்தச் சாயங்காலம் பறந்துகொண்டிருந்தேன். அதே பொய்யைச் சொல்ல.

அந்த நாளுக்குப் பிறகு, வடித்துப் பார்க்காமல் நான் ஏறியதே இல்லை. அன்றும் இரண்டு பக்கமும் மூன்று முறை பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஆனாலும் என்ஜின் நின்றது.

நடுவில் ஒரு குமிழ் இருக்கும். பெட்ரோல் இடது டேங்க்கிலிருந்தா, வலது டேங்க்கிலிருந்தா என்று திருப்பி வைக்க. மூன்றாவதாக ஒரு நிலை உண்டு... 'மூடு'.

பார்த்தேன். குமிழ் 'மூடு'வில் இருந்தது.

நான் தொடவே இல்லை. கால் பட்டிருக்குமோ? இடதுக்குத் திருப்பினேன். மூக்கிலிருந்த விசிறி காற்றில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. என்ஜின் இருமியது, பிடித்துக்கொண்டது. ரேடியோவில் கூப்பிட்டேன். பதில் இல்லை. ரேடியோ விளக்கே எரியவில்லை.

அப்போதுதான் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன்.

காலி இருக்கையின் பெல்ட்டைக் கட்டிவிட்டுத்தான் புறப்படுவோம். இல்லாவிட்டால் ஆடி எதிலாவது மாட்டிக்கொள்ளும். நானும் கட்டியிருந்தேன். அது இருக்கையோடு ஒட்டித் தட்டையாகக் கிடக்க வேண்டும்.

கிடக்கவில்லை. வளைந்து, இழுத்துப் பிடித்தபடி இருந்தது... ஒரு வயிற்றைச் சுற்றிக் கட்டியது போல.

6.09.

'டக்!'

மறுபடி 'மூடு'. மறுபடி திருப்பினேன். இந்த முறை கையை எடுக்கவில்லை. குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வியர்வை கண்ணில் இறங்கியது. கீழே மரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன.

பெல்ட் மெல்ல எழுந்தது. மெல்லத் தாழ்ந்தது.

எழுந்தது... தாழ்ந்தது...

ஒரு பேச்சில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

6.13. என் கைக்குள்ளேயே குமிழ் திரும்ப ஆரம்பித்தது. இரண்டு கையாலும் பிடித்தேன். நிற்கவில்லை. அவசரமே இல்லாமல், நிதானமாக...

'டக்!'

என்ஜின் நின்றது. திருப்பப் பார்த்தேன். இந்த முறை குமிழ் அசையவே இல்லை.

இரண்டாயிரம் அடி. ஆயிரத்து ஐந்நூறு. எங்கு பார்த்தாலும் மரம்.

"அண்ணே..."

பதில் இல்லை.

"நான் பாக்கலண்ணே! சேறா இருந்துச்சு. புதுப் பேன்ட்டுண்ணே. குனியல. உங்ககிட்ட பொய் சொன்னேன். அங்கயும் போய்ப் பொய் சொன்னேன். நாளைக்கு உண்மையச் சொல்லிடுறேன். அண்ணிகிட்ட சொல்லிடுறேன்ணே!"

6.15.

ஸ்டியரிங் திரும்பியது.

இரண்டு இருக்கைக்கும் முன்னால் ஆளுக்கொரு ஸ்டியரிங் உண்டு. ஒன்றைத் திருப்பினால் மற்றதும் கூடவே திரும்பும்.

என் கைகள் இரண்டும் குமிழின் மேல் இருந்தன.

மூக்கு இறங்கியது. விமானம் இடதுபக்கம் சாய்ந்தது. மரங்களுக்கு நடுவே ஒரு வெளிறிய கட்டம்... அறுத்து முடித்த வயல்.

நான் எதையும் தொடவில்லை.

சக்கரம் மண்ணைத் தொட்டது. குதித்தது. உரசியது.

நின்றது.

6.17.

அந்த விமானத்துக்கு ஒரே கதவு. அதுவும் வலது பக்கம். வெளியே போக வேண்டுமென்றால் அந்த இருக்கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பெல்ட் கழன்று கிடந்தது.

கையை ஊன்றித் தாண்டினேன். இருக்கை சூடாக இருந்தது.

இனி நான் சொல்வதில்தான் எனக்கு அதிக வெட்கம். வயலில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு, அரை மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. நின்றதும் முதலில் வந்த நினைப்பு இதுதான்: நான் பேசியதை யாரும் கேட்கவில்லை. பயத்தில் மனம் குழம்பியிருக்கும். குமிழ் பழுதாகியிருக்கும். ரேடியோவும் வேலை செய்யவில்லை. கிடைத்த வண்டியில் ஊர் போய்ச் சேர்ந்து, ராத்திரி விடுதியில் படுக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். பழைய சாட்சியத்தை மாற்றப் போவதில்லை.

காலை 9.10-க்கு, வயலுக்குப் போய் விமானத்தைப் பார்த்த மெக்கானிக் போன் செய்தார்.

"பெட்ரோல் சுத்தம் சார். ரேடியோ ஃப்யூஸ் கருகிக் கிடக்கு. ஒரு சத்தம்கூட வெளிய போயிருக்காது."

"குமிழ்?"

"நாலு தடவ ஆட்டிப் பாத்துட்டேன். கல்லு மாதிரி நிக்குது. ஒரு கை திருப்பாம அது திரும்பாது சார்."

9.40. விசாரணை அலுவலகத்தின் நடைவழி. சுவரோரப் பெஞ்சில் அண்ணி மட்டும் உட்கார்ந்திருந்தாள். மடியில் அண்ணனின் கை ரேடியோ. மேலே பறக்கிறவர்கள் பேசுவதைக் கீழே இருந்தே கேட்கலாம் என்று, அவர் வீட்டில் வாங்கி வைத்திருந்தது.

"வாங்க தம்பி."

"என்ன அண்ணி, இதையெல்லாம் தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

"தினம் சாயங்காலம் போட்டு வைப்பேன். அவர் இறங்குறது தெரிஞ்சா சாப்பாட்டச் சுட வைப்பேன் இல்ல, அந்தப் பழக்கம் போகல." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நேத்தும் போட்டேன். ஆறு பதினஞ்சுக்கு உங்க குரல் வந்துச்சு."

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணி... என் ரேடியோ கருகிப் போச்சு... அது..."

"சேறு, பேன்ட்டு, எல்லாம் கேட்டேன் தம்பி. உள்ள கூப்பிட்டதும் நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல வேண்டி வர்ற மாதிரி வச்சுக்காதீங்க."

தலையாட்டினேன். உள்ளே என் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். அண்ணி என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். அழுது அழுது கண் இடுங்கியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு தம்பி... 'பயப்படாதடா, நான் இறக்குறேன்'னு அவர் உங்ககிட்ட அவ்வளவு நேரம் பேசிக்கிட்டே வந்தாரே, என்கிட்டயும் ஒரு வார்த்தை பேசச் சொல்லியிருக்கக் கூடாதா?"