ஞாபகம் இல்லை என்று சொன்ன நாள்

போன ஞாயிறு மகள் லேப்டாப்பில் ஓர் ஈரான் படம் போட்டாள். ஒருவனை நல்லவன் என்று கொண்டாடிய ஊரே அவனைப் பொய்யன் என்கிற கதை. பாதியில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். படம் மோசமில்லை... எனக்குக் குமுதா ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது ஒரகடத்தில், பிரேக் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் லைன் சூப்பர்வைசர். என்ன நாட்கள் அவை! காலை ஷிப்ட் பஸ்ஸே தூங்கி வழியும். வடக்குப்பட்டில் குமுதா ஏறினால் போதும், டிரைவர் உட்பட அத்தனை பேரும் விழித்துக்கொள்வோம். அப்படி ஒரு வாய், அப்படி ஒரு சிரிப்பு.

ஒரு நாள் டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவளே லைனை நிறுத்தினாள்.

"சார், போல்ட் டைட் பண்ற மிஷின்ல செட்டிங்க மாத்தி வெச்சிட்டேன். காலைலேர்ந்து போன பீஸ் எல்லாம் லூசா கீது சார்."

வெளியே லாரி கிளம்பத் தயாராக நின்றது. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? ரோட்டில் பிரேக் பிடித்த யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கும்!

'ஆபரேட்டர் பழுதைக் கண்டுபிடித்தார்' என்று ரிப்போர்ட் எழுதினேன். யாருடைய தவறு என்று எழுதவில்லை. அவளுக்கு மெமோ வரக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். என் லைனுக்குப் பேர் கிடைக்கட்டும் என்ற ஆசையும் இருந்தது... மறைப்பானேன்?

மேனேஜர் சால்வை போர்த்தினார். கேன்டீன் வாசலில் அவள் போட்டோ மாட்டினார்கள்.

"இன்னா சார், என் தப்புன்னு நீங்க எழுதவே இல்லியா?"

"விடும்மா. நல்ல பேர் வந்தா கசக்குதா?"

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஷிப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டுவிட்டார்கள் - 'தானே கெடுத்துட்டு, தானே கண்டுபுடிச்ச ஸ்டார்.' மறுநாள் பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் காலி. பஸ் மறுபடி தூங்கி வழிந்தது.

எச்.ஆர். எங்கள் இருவரையும் கூப்பிட்டது. "தன் தப்புன்னு இவங்க உங்ககிட்ட சொன்னாங்களா?"

குமுதா என்னைப் பார்த்தாள். அந்த மாதம் எனக்குப் புரமோஷன் இன்டர்வியூ.

"சரியா... ஞாபகம் இல்லை" என்றேன்.

அவள் அழவில்லை. "தப்பு பண்ணதும் நான்தான், வந்து சொன்னதும் நான்தான். சாருக்கு ஞாபகம் இல்லன்னா வுடுங்க" என்றாள். நேராகக் கேன்டீன் வாசலுக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, தன் போட்டோவைத் தானே கழற்றினாள்.

மூன்று நாள் அந்தக் காலி ஆணியைத் தாண்டித்தான் கேன்டீனுக்குள் போனேன். நான்காம் நாள், நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஷிப்ட் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் நின்று சொன்னேன். புரமோஷன் போயிற்று.

கூட்டம் கலைந்ததும் குமுதா பக்கத்தில் வந்தாள். "இத்த அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல சார்?"

"பயம்மா."

"எனக்கு மட்டும் பயம் இல்லியா? வேலையே பூடும்னு தெரிஞ்சுதான் லைன நிறுத்துனேன்..." என்றவள், மெல்லச் சிரித்தாள். "போங்க, போயி டீ குடிங்க."

அடுத்த வாரம் பஸ்ஸில் பழையபடி சத்தம். ஆனால் போட்டோவைத் திரும்ப மாட்டச் சொல்லி மேனேஜரே கேட்டும் அவள் சம்மதிக்கவில்லை.

இப்போது வல்லம் வடகாலில் வேறொரு கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாளாம். அவளிடம் பயிலும் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

அடுத்தவருக்கு நல்ல பேர் வாங்கித் தர ஒரு ரிப்போர்ட் போதும்... அது பறிபோகும்போது பக்கத்தில் நிற்கத்தான் நமக்கு ஞாபகம் வருவதில்லை!