டேங்கோவும் காக்கா தைத்த பேன்ட்டும்

அன்று மேடையில் இருந்தது நாங்கள் நான்கு பேர். துறைமுக வேலைக்கு வந்திருந்த அர்ஜென்டினா இன்ஜினியர். பெய்ரூட்டிலிருந்து வந்து துபாயில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த ஓர் அம்மா. ஓட்டல் பேண்டில் பாஸ் என்கிற ஆளுயர வயலினை நின்றுகொண்டு வாசிக்கும் கோவாக்காரர். பிறகு, வயலினும் கையுமாக நான். கீழே கடைசி வரிசையில், சத்வா பகுதியில் தையல்கடை வைத்திருந்த என் ரூம்மேட். முதல் வரிசையில் என் கஃபீல், அதாவது என் விசாவுக்குப் பொறுப்பான அரபி முதலாளி. மற்றபடி ஹால் நிறைய வெளிநாட்டு இன்ஜினியர்களும் அவர்கள் குடும்பங்களும். 1976-ல், குளிர்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் சாயங்காலம், துபாயில் அவர்களுடைய கிளப்பில் நடந்தது இது.

நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாடகங்களுக்கு வயலின் வாசித்த சித்தப்பாவோடு சுற்றி வில் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். கல்யாணம் ஆனதும் துபாய்க்கு வந்து, ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கட்டுமானக் கம்பெனி ஸ்டோரில் ஆணியும் பைப்பும் எடுத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். கவலைப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பூட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஜாதி.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோரில் உட்கார்ந்து வயலின் வாசித்துக்கொண்டிருந்தேன். சாமான் கேட்டு வந்த அந்த இன்ஜினியர் வாசலிலேயே நின்றுவிட்டார். மறுவாரம் தன் வாத்தியத்தோடு வந்தார். ஆர்மோனியத்தைத் தொடைமேல் வைத்து இரண்டு பக்கமும் இழுத்து வாசிப்பது போல ஒரு பெட்டி. அதில் அவர் ஊர் டேங்கோவை வாசித்துக் காட்டினார். இழுத்தால் அழுகை, அமுக்கினால் சண்டை. அப்படி ஒரு சங்கீதம். அவருக்கு ஒரு வயலின்காரன் தேவைப்பட்டது.

வெளியே வாசிக்கக் கம்பெனியில் அனுமதி உண்டா என்று எனக்கு உதறல். எங்கள் ஃபோர்மன் மதுரைக்காரர். அவரிடம் கேட்டேன்.

"போய்ட்டு வா. ஆனா முதலாளி காதுக்குப் போச்சுன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது. அடுத்த பிளேன்ல நீ ஊருக்குத்தான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. ஆனாலும் போனேன். அந்தப் பெட்டியின் சத்தம் அப்படி இழுத்தது.

பியானோ அம்மா வீட்டில் ஒத்திகை. நான்கு பேருக்கும் பொதுவான பாஷை கிடையாது. தொடங்க 'யல்லா', முடிக்க 'கலாஸ்', அவ்வளவுதான். கோவாக்காரருக்கு மட்டும் மெட்ராஸில் கொஞ்ச காலம் இருந்ததில் அரைகுறைத் தமிழ் வரும். நான் கமகம் கொடுக்கும்போதெல்லாம், நேராகப் போ என்று இந்தி கலந்து கத்துவார்.

"ஏன் பாய் சுரத்தை இப்படி ஆட்டுது? ஸீதா போ, ஸீதா!"

இன்னொரு சிக்கல், எனக்கு நின்று வாசிக்க வராது. தரையில் சம்மணம் போட்டு, ஒரு காலை நீட்டி, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றினால்தான் வில் நகரும். இன்ஜினியர் என் தாடையின் கீழ் வயலினைச் செருகிப் பார்த்தார். வில் வழுக்கி எலி கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒரு கார்ப்பெட்டை எடுத்து வந்து விரித்துவிட்டார். அதன்பின் ஒவ்வொரு ஒத்திகைக்கும் நான் வேட்டியோடு போய் அதில் உட்கார்ந்துவிடுவேன். டேங்கோவில் மேளம் கிடையாது. எல்லா வாத்தியமும் ஒன்றாக ஓடி வந்து ஓரிடத்தில் சட்டென்று நிற்கும். ஒரு மூச்சு நேரம் ஹாலே அமைதியாகும். பிறகு மறுபடி பாய்ச்சல். தாளம் போட்டே பழகிய எனக்கு அந்த அமைதிதான் பயம்.

கச்சேரிக்குக் கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை என்று சொல்லிவிட்டார்கள். பேன்ட்டை என் ரூம்மேட் தைத்துக் கொடுத்தார். கீழக்கரைக்காரர். அவர்கள் ஊர் வழக்கப்படி அண்ணனைக் கூப்பிடுவது போல அவரைக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவோம். போட்டுப் பார்த்தேன்.

"தொடைகிட்டப் பிடிக்குதே காக்கா."

"இப்ப பேஷனே இதுதான் தம்பி. மேல சிக்குன்னு, கீழ மணி மாதிரி. மேடையில நிக்கப் போறீங்களா, இல்ல மூட்டை தூக்கப் போறீங்களா?"

நிற்கப் போவதில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது வேறு ஆயிரம் கவலை. கம்பி அறுந்தால்? கரண்ட் போனால்? பையில் உபரிக் கம்பி, டார்ச், தலைவலி மாத்திரை எல்லாம் எடுத்து வைத்தேன். ஊக்கு ஒன்று வைக்கத் தோன்றவில்லை.

மேடையிலும் அதே கார்ப்பெட்டை விரித்து உட்கார்ந்தேன். திரை விலகியது. முதல் வரிசையில், வெள்ளை அங்கியில், முதலாளி! துறைமுக வேலையில் அவருக்கும் பங்கு உண்டாம். அழைத்திருக்கிறார்கள். சட்டைக் காலரை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"என்ன பாய், காய்ச்சலா?" என்றார் கோவாக்காரர்.

"முன்னால எங்க கஃபீல்."

"நல்லா வாசி. அவர் காது கேட்கும், உன் மூஞ்சி பார்க்காது."

'யல்லா' என்றார் இன்ஜினியர். தொடங்கினோம். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குப் போல நாங்கள் ஒத்திகையில்கூட வாசித்ததில்லை. நான் பயத்தில் வில்லை அழுத்த, அது டேங்கோவுக்கு வேண்டிய கோபமாகவே போய்ச் சேர்ந்தது. ஓடி வந்தோம், ஓடி வந்தோம், அந்த இடத்தில் சட்டென்று நின்றோம். ஹால் முழுக்க நிசப்தம். அடுத்த பாய்ச்சலுக்காக நான் லேசாக முன்னால் குனிந்தேன்.

டர்ர்ர்ர்.

பேன்ட் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே கிழி. முதல் வரிசைப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தன. கோவாக்காரர் வாசிப்பை விடாமலே தன் ஆளுயர பாஸை மெல்ல மெல்ல இரண்டடி நகர்த்தி எனக்கு முன்னால் வேலி போட்டார்.

"நீ வாசி பாய். நான் மறைக்குது."

வாசித்தேன். முடிந்ததும் ஒரே கைதட்டல். மூவரும் நின்று வணங்கினார்கள். நான் வயலினை மடியில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். இன்ஜினியர் எழுந்திரு என்று கையைக் காட்டுகிறார். நான் எழுந்தால் மானம் போகும். அதற்குள் முதலாளி மேடை ஏறி வந்து, மற்றவர்களுக்குக் கைகொடுத்து, பாஸைச் சுற்றிக்கொண்டு நேரே என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினார். முதலாளி நிற்க, உட்கார்ந்தபடியே கைகொடுக்கும் ஸ்டோர்க்காரன் உலகத்தில் உண்டா? வேலை போயிற்று, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கார்ப்பெட்டைப் பார்த்தார். அங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அந்த நாற்காலியில இடுப்பே விட்டுப்போச்சு. இந்த ஹால்லயே நீ ஒருத்தன்தான் ஒழுங்கா உட்கார்ந்திருக்கே" என்றார் இந்தியில்.

எந்தக் கம்பெனி என்று கேட்டார். "உங்க ஸ்டோர்தான் முதலாளி" என்றேன். ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார், ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி. இன்ஜினியரும் பெட்டியோடு கீழே உட்கார்ந்துவிட்டார். அடுத்த பாட்டை, பியானோவும் பாஸும் தவிர, தரையிலிருந்தே வாசித்தோம். நடுவில் முதலாளி தலையாட்டிக்கொண்டிருந்தார். கமகம் கொடுத்தேன். கோவாக்காரர் 'ஸீதா' என்று சொல்லவே இல்லை.

எல்லாம் முடிந்ததும் காக்கா திரைக்குப் பின்னால் ஓடி வந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஊசி நூல் வைத்திருப்பவர். நிற்க வைத்தே தைத்தார்.

"உட்காரப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா தம்பி? என் பேரே கெட்டிருக்குமே!"

அடுத்த வாரம் ஃபோர்மன் வந்து, வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு ஓவர்டைம் கிடையாது, ஒத்திகைக்குப் போக வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டிருப்பதாக முறைத்துக்கொண்டே சொன்னார். இன்ஜினியர் வேலை முடிந்து ஊர் போகும்வரை வாசித்தோம், நான் வேட்டியில்.

இன்னமும் நான் கவலைப்படுகிறவன்தான். பூட்டை இன்றும் இழுத்துப் பார்க்கிறேன். ஆனால் ஒன்றை அன்று கண்ணால் பார்த்துவிட்டேன். நான் எழுந்திருக்க முடியாமல் போகிற இடத்தில், பாஸை நகர்த்த ஒருவரும் பக்கத்தில் உட்கார ஒருவரும் எங்கிருந்தோ வந்துவிடுகிறார்கள். கிழிந்த பேன்ட்டுக்குக் காசு வாங்கமாட்டேன் என்று காக்கா கடைசிவரை பிடிவாதம் பிடித்தார். அது கிழிந்ததால்தான் எனக்கு எல்லாம் நடந்தது என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அவருக்கு நான் தர வேண்டிய தையல்கூலி பதினெட்டு திர்ஹம் இன்னும் பாக்கி.