இன்று யார் வந்திருக்கிறார்?

வாசலில் இரண்டு முறை தொண்டையைச் செருமிவிட்டு, இடது காலைச் சற்று இழுத்தபடி பாஸ்டர் வீட்டுக்குள் வருகிறார். சமையலறையில் இருந்தபடியே அவர் மனைவி குரல் கொடுக்கிறாள்: "இன்னைக்கு யாரு வந்திருக்கீங்க?"

கேலிதான். ஆனால் பதில் அவளுக்குத் தெரியும். செருமல், செத்துப்போன பேக்கரிக்காரருடையது. இழுக்கும் கால், பக்கவாதத்தில் கிடக்கும் லாரி டிரைவருடையது. பாஸ்டருக்குத் தொண்டையும் நன்றாக இருக்கிறது, காலும் நன்றாக இருக்கிறது.

பிரசங்கம் சுமாராகத்தான் செய்வார். பாதியில் வசனத்தை மறந்துவிட்டு முன்வரிசையைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார். ஆனால் சபையில் ஒருவர் படுத்துவிட்டால் போதும், மறுநாள் காலை சட்டைக் கையை மடித்துக்கொண்டு அந்த வீட்டில் நிற்பார். டிரைவரைத் தூக்கி உட்காரவைத்து முதுகு துடைப்பதும் அவர்தான், பேக்கரிக்காரர் போனபின் அந்த வீட்டு வாளிகளில் தண்ணீர் நிரப்புவதும் அவர்தான். "போனோம், ஜெபம் பண்ணினோம், வந்தோம்னு இருக்க முடியுமா? அவங்க எப்படிச் செய்வாங்களோ அப்படியே செஞ்சு குடுக்கணும்" என்பார். அங்கேதான் வந்தது வினை. செய்யச் செய்ய அவர்கள் உடம்பு இவர் உடம்பில் ஏறிக்கொள்கிறது. நோயாளியும் செத்தவரும்தான் ஏறுவார்கள். திடமாக நடமாடுகிற யாரும் இதுவரை அவர்மேல் ஒட்டியதில்லை. சொல்லிக் காட்டினால், "பாரம் தூக்கினா தோள் கொஞ்சம் சாயத்தானே செய்யும்" என்று சிரிப்பார்.

பேக்கரிக்காரர் மனைவி ஒருநாள் பாஸ்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாளியை வச்சிட்டு மூடியைத் தலைகீழாக் கவுத்துட்டுப் போறார்மா. என் வீட்டுக்காரர் அப்படித்தான் வைப்பாரு. நான் யார்கிட்டயும் சொன்னதே இல்லை. பயமா இருக்கு." சற்று நிறுத்தி, "நாளைக்கும் வரச் சொல்லுங்க" என்றாள்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். பெண்டாட்டியைப் பற்றி அந்தப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. கூடு விட்டுக் கூடு பாய்கிற மனிதரோடு குடித்தனம் நடத்துவது லேசா? சாப்பாட்டு மேசையில் ஸ்பூனைப் பிடிப்பது ஒருவர், தண்ணீர் குடிப்பது இன்னொருவர். போன வருஷம் அடக்கம் செய்த டீச்சரம்மாவின் பெருமூச்சு சில சமயம் அவர் நாற்காலியிலிருந்து வரும். "ஆண்டவரே, இவங்க எல்லாரும் இருக்கட்டும். இவருக்குள்ள எனக்கு ஒரு இடம் இருக்கா?" இதுதான் அவள் ஜெபம்.

சில வாரங்களாக அவளுக்கு விலாவுக்குக் கீழே வலி. அவரிடம் சொல்லவில்லை. சபைச் சுமை போதாதா என்ற இரக்கம் பாதி. சொல்லாமலே தெரிந்துகொள்கிறாரா பார்ப்போம் என்ற வீம்பு பாதி. வலி எடுத்தால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். நெற்றியைச் சுவரில் சாய்த்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, முஷ்டியால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டு நிற்பாள். அதைப் பார்த்தவர் யாருமில்லை.

இன்று மாலை வாசலில் செருமல் இல்லை. கால் இழுபடும் சத்தமும் இல்லை. அப்பாடா, அவரேதான் என்று ஆசையோடு திரும்புகிறாள்.

பாஸ்டர் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்துகிறார். அவளைப் பார்க்கவில்லை. நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொள்கிறார்.

"இன்னைக்கு யாரு..." என்று ஆரம்பிக்கிறாள்.

அவருடைய வலது கை மெல்ல எழுகிறது. கட்டைவிரல் உள்ளே மடங்குகிறது. முஷ்டி, விலாவுக்குக் கீழே அதே இடத்தில் போய் அழுந்துகிறது.