ரெண்டு கதவு வண்டி

பெட்ரோல் வாடையும் புதுக் கைலியின் கஞ்சி வாடையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் இன்றைக்குப் பலருக்கும் சொல்லத் தெரியாது. எனக்கு அது பள்ளிக்கூட நாட்களின் வாடை. காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். அதற்குப் பிறகுதான் விசைத்தறிகளின் சத்தம் காதில் விழும், எதிரே மலையும் கோபுரமும் கண்ணில் படும். எழுபதுகளின் நடுவில், திருத்தணி மலையடிவாரத்தில் நெசவுக் குடும்பங்கள் இருந்த ஒரு தெருவில் எங்கள் வீடு இருந்தது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஆறு தறிகள். ஏழாவது தறி போட்டிருக்க வேண்டிய இடத்தில் என் அப்பா, அந்தப் பக்கத்து வழக்கப்படி நாங்கள் "நைனா" என்று கூப்பிட்ட அப்பா, ஒரு காரை நிறுத்தி வைத்திருந்தார்.

கார் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நடுத்தர வருமானக்காரர்களுக்கென்று சென்னையிலேயே செய்து விற்ற சின்ன வண்டி. அதையும் அரக்கோணத்து வக்கீல் ஒருவர் பல வருஷம் ஓட்டி அலுத்துப்போன பிறகுதான் நைனா வாங்கினார். இரண்டே கதவுகள். பின்னால் உட்கார வேண்டியவர்கள் முன் சீட்டை மடக்கிவிட்டு, குனிந்து, உடம்பைத் திருப்பிக்கொண்டு நுழைய வேண்டும். என் பெரிய அத்தை ஒரே ஒரு தடவை அப்படி ஏறி இறங்கிவிட்டு, "இதுக்கு நான் பஸ்ல நின்னுகினே போவேன்" என்று சொல்லிவிட்டார். எஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் முன்பக்கம் முழுவதையும், விளக்குகளோடு சேர்த்து, முன்னால் சாய்த்துத் திறக்க வேண்டும். முதலை வாயைப் பிளந்த மாதிரி இருக்கும் அந்தக் காட்சியைப் பார்க்கத் தெருவே கூடிவிடும். கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருந்தது, ஊரில் யாரும் அதைச் சொல்லவில்லை. "ரெண்டு கதவு" என்றே சொன்னார்கள். "ரெண்டு கதவு வூட்ல கீதா?" என்று யாராவது கேட்டால், நைனா வீட்டில் இருக்கிறாரா என்று கேட்கிறார்கள் என்று பொருள்.

அடுத்த தெருவில், பூட்டிக் கிடந்த ஒரு பழைய பங்களாவின் பின்புறம் இன்னொரு கார் இருந்தது. அது ஒரு ஜமீன் குடும்பத்தினுடையது, வெளிநாட்டில் செய்தது, நீண்ட மூக்கும் பித்தளை விளக்குகளும் உள்ளது. டயர்கள் மக்கிப்போய், மேல்துணி கிழிந்து, உள்ளே அக்கம்பக்கத்துக் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. ஒரு கோடை விடுமுறையில் வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒருவர் மெட்ராஸிலிருந்து ஒரு லாரியோடும் நாலு ஆட்களோடும் வந்து இறங்கினார். பழைய கார்களைத் தேடி வாங்குவதே அவருக்கு வேலை என்று சொன்னார்கள். துருப்பிடித்த அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, தன் கைக்குட்டையாலேயே விளக்கைத் துடைத்துப் பார்த்த மனிதரைக் கண்டு தெரு முழுவதும் சிரித்தது. நைனா மட்டும் சிரிக்கவில்லை. வண்டியை லாரியில் ஏற்றிக் கயிறு கட்டி முடிக்கும்வரை கூடவே நின்றிருந்துவிட்டு, அவரை எங்கள் கொட்டகைக்கு அழைத்து வந்தார்.

"நம்ம வண்டியத் தேடிகினும் இந்த மாதிரி ஒர்த்தர் வருவாரா சார்?"

வந்தவர் கெட்டவர் இல்லை. கேள்வியை மதித்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு விரலால் அதன் கதவை லேசாகத் தட்டிவிட்டு, "ராஜா ஏறின வண்டின்னா தேடுவாங்க. இது வக்கீல், வாத்தியார், டாக்டர்னு எல்லார்கிட்டயும் இருக்கு. எல்லார்கிட்டயும் இருக்கறத யாருங்க சேத்து வைப்பாங்க?" என்றார்.

அம்மாவின் தம்பி கோபால் மாமா அப்போது பக்கத்தில் இருந்தார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் அதைச் சொல்லி மறுபடியும் சிரித்தார். நைனா அந்த வாரமே கழிவுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து வண்டிக்கு ஒரு போர்வை செய்தார். "எல்லாரும் தூக்கிப் போட்டப்புறம் நம்ம கிட்ட மட்டும் இருக்கும், பாரு" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். கணக்குப் பாடத்தைச் சொல்வது போல, கோபமில்லாமல் சொன்னார்.

அந்த ஐப்பசி மழையில் தறியின் பல்சக்கரத்தில் சிக்கிய நூலை எடுக்கப்போய் அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் போயின. மூன்று மாதம் கழித்துக் கட்டுப் பிரித்தபோது மிச்சமிருந்த விரல்களும் சரியாக மடங்கவில்லை. அந்த வண்டியில் கியர் மாற்ற வேண்டியது இடது கையால். நைனா ஒரு காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கியர்க் குமிழைப் பிடிக்கப் பார்த்துவிட்டு, இறங்கிவந்து போர்வையைப் போர்த்தினார். அதற்குப் பிறகு அவர் ஓட்டுகிற இடத்தில் உட்காரவே இல்லை.

பிரச்சினை வண்டியோடு நிற்கவில்லை. கைலிக் கட்டுகளை அரக்கோணம் ஸ்டேஷனில் பார்சல் ஆபீசுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுவரை நைனாதான். வாடகை வண்டி சொன்னால் நேரத்துக்கு வராது. நேரம் தவறினால் வியாபாரி அடுத்த தடவை வேறு இடத்தில் சரக்கு எடுப்பார். இரண்டு தறிகள் நின்றன. கோபால் மாமா நல்ல எண்ணத்தில்தான் கனகம்மாசத்திரத்திலிருந்து ஓர் ஆளை அழைத்து வந்தார். நெடுஞ்சாலையோரம் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் கடை வைத்திருந்தவர். வண்டியைத் தட்டிப் பார்த்து, உறுமவைத்துப் பார்த்து, விலைப் பேச்சுக்கு வந்தார்.

"வித்துடலாம் பாவா. நின்னா துருப்பிடிச்சிடும்" என்று நைனாவிடம் சொன்னார் மாமா.

நைனா தலையைக் குனிந்துகொண்டு கையைப் பார்த்தபடி இருந்தார். அப்போது அம்மா தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். முந்தானையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வண்டி விக்கறதுக்கில்லீங்க" என்றாள் வந்தவரிடம்.

"யாரு அக்கா ஓட்டப்போறாங்க?" என்று மாமா கேட்டார்.

"நான்தான். ஆறு தறி ஓட்றேன், நாலு சக்கரம் ஓட்ட மாட்டனா?"

அம்மா அதற்கு முன் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. நைனா நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. அதில் சந்தோஷத்தைவிடத் திகைப்பு அதிகம்.

தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரிக்குள்தான் அம்மா பழகினாள். மோதுவதற்கு அங்கே எதுவும் இல்லை என்பது ஒரு வசதி. கரை மேல் வேடிக்கை பார்க்க நாற்பது பேர் நின்றது வசதிக் குறைவு. இடதுபக்கம் உட்கார்ந்து நைனா சொல்லிக்கொண்டே வருவார், பின்னால் நான். வண்டி தவளை மாதிரித் துள்ளி நிற்கும், கரையில் விசில் கேட்கும், அம்மா சாவியைத் திருப்புவாள். தெருவில் பேச்சு வந்தது. "புருசன் பக்கத்துல ஒக்காந்துகினு வரான், இவ ஓட்டிகினு போறா" என்று என் காதுபடவே சொன்னார்கள். அம்மா காதில் விழாதது போல இருந்தாள். நைனாவுக்கு விழுந்தது; ஆனாலும் மறுநாள் காலையில் ஏரிக்குப் போக முதலில் செருப்பைப் போட்டுக்கொண்டவர் அவர்தான்.

லைசென்ஸ் கிடைத்த பிறகு, மலைமேல் சாமிக்கு முன்னால் ஒரு தடவை நிறுத்தாமல் வண்டியை வெளியூருக்கு எடுக்கக்கூடாது என்று நைனா சொன்னார். படியேறிப் போனால் போதாதா என்று அம்மா கேட்டாள். வண்டிதான் வர வேண்டும் என்றார். ஆக, ஒரு கிருத்திகை நாள் காலையில் மலைப் பாதையில் ஏறினோம். பாதி தூரத்தில், வளைவுக்குச் சற்று முன்னால், எங்களுக்கு முன்னே போன பஸ் திடீரென்று நின்றது. அம்மாவும் நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னால் இரண்டு வேன்கள், பக்கத்தில் காவடியோடு நடந்து போகிறவர்கள். பஸ் நகர்ந்தது. அம்மா பிரேக்கிலிருந்து காலை எடுத்த அந்தக் கணத்தில் வண்டி பின்னோக்கி உருண்டது. வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். யாரோ "கல்லு வையி, கல்லு வையி" என்று கத்தினார்கள். வண்டி அணைந்து நின்றது. நைனா தன் நல்ல கையை ஹாண்ட் பிரேக்கின் மேல் வைத்தார்.

"கை எடுங்க" என்றாள் அம்மா.

"நான் புடிச்சிக்கறேன், நீ எடு."

"நாளைக்கு அரக்கோணம் ரோட்ல யாரு புடிப்பாங்க? எடுங்க கைய."

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அம்மா ஹாண்ட் பிரேக்கைத் தானே இழுத்தாள். சாவியைத் திருப்பினாள். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் உறுமியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஹாண்ட் பிரேக் விடுபடும் சத்தம் கேட்டது. வண்டி ஒரு தடவை அதிர்ந்து, பின்னால் போகாமல் முன்னால் ஏறியது. மேலே போய் நிறுத்தியபோது அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. நைனா இறங்கி வண்டிக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். வேன்காரர் எங்களைக் கடந்து போகும்போது தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

அதன்பின் ஏறத்தாழ ஒன்பது வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் அம்மா அரக்கோணத்துக்கு ஓட்டினாள். பின் சீட்டில் கூரைவரை கைலிக் கட்டுகள், பக்கத்தில் சில நாள் நைனா, சில நாள் நான். நின்ற தறிகள் இரண்டும் ஓடின. என் படிப்பும் தம்பியின் படிப்பும் அந்தக் கட்டுகளோடுதான் போய்ச் சேர்ந்தன. நைனா வண்டியைத் துடைப்பதையும் போர்த்துவதையும் விடவில்லை. வக்கீல்களும் வாத்தியார்களும் ஒவ்வொருவராக அதே வண்டியை விற்றுத் தீர்த்த செய்தி வரும்போதெல்லாம், "ஒண்ணு கொறைஞ்சிச்சி" என்பார். அவருடைய கணக்கு சரியாகவே போய்க்கொண்டிருந்தது.

எண்பதுகளின் நடுவில் புதுமாதிரிச் சின்னக் கார்கள் வந்தன. எங்கள் வண்டிக்கு உதிரிப் பாகம் கிடைப்பது நின்றது. லாரி ஆபீஸ் ஊருக்குள்ளேயே வந்துவிட்டதால் அரக்கோணம் போக வேண்டிய தேவையும் நின்றது. நைனா மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார். இன்னும் இருபது வருஷம் பொறுத்தால் போதும் என்றார். அவர் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தபோது அம்மா காயலான் கடைக்காரரை வரவழைத்து வண்டியைக் கொடுத்துவிட்டாள். அந்த இடத்தில் ஏழாவது தறி வந்தது.

திரும்பி வந்த நைனா தறியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"சொல்லிட்டுப் பண்ணியிருக்கலாம்."

"சொன்னா குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்" என்றாள் அம்மா. "வண்டி ஓட்றதுக்குங்க. போர்த்தி வெக்கறதுக்கில்ல."

அவர் நான்கு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் புதுத் தறியில் நூல் அறுந்தபோது, வேறு வழியில்லாமல் கூப்பிட்டார். யார் பக்கம் நியாயம் என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. வண்டியைக் காப்பாற்றியவள் அவள். விற்க அவளுக்கு உரிமை இருந்தது. வண்டியை நம்பியவர் அவர். கோபிக்க அவருக்கும் இருந்தது.

சென்ற மாதம் சென்னையில் பழைய கார்களின் காட்சி ஒன்றுக்கு என் மகள் என்னை அழைத்துப் போனாள். ராஜாக்களின் வண்டிகள் ஒரு வரிசை; அவற்றைப் பார்த்தவர்கள் பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்தார்கள். கூட்டம் நின்றது கடைசியில், ஒரு ரெண்டு கதவின் முன்னால். "எங்க தாத்தாகிட்ட இருந்துச்சு", "எங்க டாக்டர் இதுலதான் வருவாரு" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கால்சட்டைக்காரர் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. எல்லோரிடமும் இருந்ததை எல்லோரும் தூக்கிப் போட்டார்கள். எல்லோரிடமும் இருந்த காரணத்தாலேயே எல்லோரும் தேடுகிறார்கள். நைனா இருந்திருந்தால் சிரித்திருக்கமாட்டார். தலையை மட்டும் ஆட்டியிருப்பார்.

வண்டிக்குச் சொந்தக்காரர் முப்பது வயது இளைஞர். எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது, என் அம்மா ஓட்டினாள் என்றதும் பரபரப்பானார். பழைய புகைப்படம் இருக்கிறதா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. வீட்டுக் கல்யாணப் படங்களில் எல்லாம் வாடகைக்கு வந்த பெரிய கார்தான் இருக்கிறது. ஸ்டூடியோக்காரர் வரும் நாளில் எங்கள் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளிவிடுவோம். இளைஞர் விடவில்லை. உள்ளே சீட் என்ன நிறம், சிவப்பா கறுப்பா, அதையாவது சொல்லுங்கள், அசல்படி செய்ய வேண்டும் என்றார். நான் சிவப்பு என்று நினைத்தேன். தம்பிக்குப் போன் செய்தால் பச்சை என்று அடித்துச் சொன்னான்.

திருத்தணியில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டேன். எண்பது தாண்டியும் காது நன்றாகக் கேட்கிறது. அரக்கோணம் சாலையில் அந்நாளில் எங்கெங்கே பள்ளம், எந்தப் புளியமரத்தடியில் மாடு குறுக்கே வரும், ரயில்வே கேட் எப்போது மூடுவான், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சீட் என்ன நிறம் என்று மறுபடி கேட்டேன்.

"கண்ணு ரோட்டு மேல இருந்துச்சி" என்றாள். "சீட்டு நெறத்த எவ பாத்தா?"